இரண்டாவது பிரேக்

1

இந்தக் கதை எனக்குச் சாலையில் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, அதன் மேல் மோதப் பார்த்தேன் என்பதே சரி. நான் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் 'எல்' பலகை மாட்டிய பயிற்சிக் கார் ஒன்று நத்தைக்கு வழிவிட்டு ஊர்ந்தது. ஸ்டியரிங்கில் நடுவயதுப் பெண். பக்கத்தில் சீருடை போட்ட ஒருவர். கண்ணாடி இறங்கியிருந்ததால் பேச்சு எனக்கும் கேட்டது.

"கண்ணாடியைப் பாரும்மா! அதுல உன் மூஞ்சியைப் பாக்காத, பின்னாடி வர்றவனைப் பாரு!"

திட்டுவது அந்தப் பெண். வண்டி ஓட்டுவதும் அவள்தான். திட்டு வாங்குவதும் அவளேதான்.

பின்னாடி வந்தவன் நான். மீதியெல்லாம் வீட்டுக்கு வந்து கட்டியது.

2

'அரசு அந்தப் புதிய விதியை வெளியிட்ட காலையில்…'

(வேண்டாம். விதியில் தொடங்கும் கதையை விதி எழுதியவரே படிக்கமாட்டார்.)

'அவளுடைய வலது கால்…'

(வேண்டாம். வீட்டில் கேள்வி கேட்பார்கள்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் பிரேக்கக்கா. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. மாணவர் திணறினால் ஆசிரியர் மிதிப்பதற்கு. பாதி ஆயுளை அந்த இருக்கையில்தான் கழித்திருக்கிறாள். இப்போது புது விதி வந்துவிட்டது. பள்ளியின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால், கற்றுக்கொடுப்பவரும் வாகன ஆய்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டும்போது ஆய்வாளர் அந்த இரண்டாவது பிரேக்கை மிதிக்கும்படி ஆனால் தோல்வி. தோற்றால் பள்ளிக்குப் பூட்டு. அவளிடம் சரக்கு வேன் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கும் பெண்கள் பாதிப் பாடத்தோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"ஊருக்கெல்லாம் லைசென்ஸ் வாங்கிக் குடுத்தவ, இன்னைக்குத் தானே எல் போர்டு மாட்டிக்கிட்டுப் போறா," என்றார் கணவர். பள்ளியின் வகுப்பறையும் சாவிக்கொத்தும் அவர் பொறுப்பு.

"சைக்கிள்லயே செருப்பைத் தேச்சு நிறுத்துற ஆளு நீங்க. பேசாம அந்தச் சிக்னல் படத்தை நேரா மாட்டுங்க. பச்சை மேல இருக்கு, பாருங்க."

(இவரைப் பின்னிருக்கையில் ஏற்றத்தான் ஆசைப்பட்டேன், நல்ல வசனமாக வரும். தேர்வின்போது மூன்றாவது ஆள் கூடாதாம். இறக்கிவிட்டேன். வாசலில் நின்று என்னை முறைக்கிறார்.)

3

இந்த ஆய்வாளர்தான் படுத்துகிறார். வில்லனாக்கலாம் என்று முறுக்கு மீசை கொடுத்தேன். அடுத்த வரியிலேயே வகுப்பறைக்குள் வந்து, பாடம் நடத்தப் பாதியாக வெட்டி வைத்த என்ஜினைப் பார்த்து, "அடடா, துடைச்சு வச்சிருக்கீங்களே!" என்று குழந்தை மாதிரி சிரித்துவிட்டார். மீசையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இருவரும் காருக்குப் போனார்கள். அவள் கை பக்கத்து இருக்கைக் கதவைப் பிடித்தது. அவர் கையும் அதே கதவைத்தான் பிடித்தது. அவளும் சரி, அவரும் சரி, வேலை நேரத்தில் அந்தப் பக்கம் தவிர வேறு பக்கம் ஏறியதே இல்லை.

"நீங்க ஏறுங்க சார்."

"இல்லம்மா, நீங்க ஏறுங்க."

"அப்ப வண்டியை யாரு சார் ஓட்டறது?"

அப்புறம்தான் அவள் சுற்றிக்கொண்டு போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். முதல் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளை மாதிரி முழித்தாள். என்ன செய்வதென்று ஒரு கணம் புரியவில்லை. எனவே தனக்குத் தெரிந்ததைச் செய்தாள்.

"பெல்ட்டைப் போடும்மா. ஏன் முழிக்கிற? கிளட்ச்சை மெதுவா விடு. அது என்ன கரப்பான்பூச்சியா, அந்த மிதி மிதிக்கிற?"

ஆய்வாளர் திகைத்துப்போனார். "யார்கிட்டம்மா பேசறீங்க?"

"என்கிட்டதான் சார். சொல்லலைன்னா எனக்குக் கை ஓடாது."

4

(இங்கே அரசு ஏன் இப்படி விதி போடுகிறது என்று அரைப் பக்கம் கட்டுரை எழுதியிருந்தேன். ஓட்டுபவரை நம்பு, ஆனால் பக்கத்தில் ஒரு பிரேக்கும் வை என்பதுதான் சாரம். இதற்கு அரைப் பக்கம் எதற்கு? அடித்துவிட்டேன்.)

திட்டு வாங்க வாங்க அவளுக்குத் தைரியம் வந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. "பரவால்லயே, தேறிடுவ போலிருக்கே," என்று தன்னையே மெச்சிக்கொண்டாள். ஆய்வாளர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினார்.

அப்போது இரண்டு வண்டிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பந்து உருண்டு வந்தது.

கார் நின்றது. பந்து தப்பித்தது. பந்தின் பின்னால் ஓடிவந்த சிறுமி அதை எடுத்துக்கொண்டு, காருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனாள்.

உள்ளே இருவரும் குனிந்து பார்த்தார்கள். அவள் கால் பிரேக்கில். அவர் காலும் பிரேக்கில்.

"சார், நான்தான் மிதிச்சேன்."

"நானும்தான் மிதிச்சேன்மா."

"யாரு முதல்ல?"

"அதான் தெரியலை. கால் தானாப் போயிடுச்சு. எத்தனை பேரு கூட உக்காந்து பயந்த கால் இது!"

அந்தக் காரில் எந்தப் பிரேக்கை மிதித்தாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும். வண்டியைக் கேட்டும் பயனில்லை.

அவளையறியாமல் பழைய குரல் வந்தது. "முதல்ல காலை எடுத்து ஓரமா வைங்க. பக்கத்துல இருக்கறவங்களை நம்பணும்."

"சரிங்க டீச்சர்," என்று காலை எடுத்துக்கொண்டார் ஆய்வாளர். சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அவள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

5

முடிவு ஒன்று: அவர் தேர்ச்சி என்று எழுதுகிறார். பள்ளி வாசலில் கணவர் சிக்னல் படத்தோடு ஆடுகிறார்.

முடிவு இரண்டு: அவர் நேர்மையானவர். சந்தேகம் இருந்தால் தோல்வி என்றுதான் விதி. அவர் பேனா…

(எழுத முடியவில்லை. வேன் ஓட்டும் பெண்கள் என் வீட்டுக்கு வந்து நிற்பார்கள்.)

முடிவு மூன்று: "இன்னொரு ரவுண்டு போவோமா?" என்கிறார்.

எனக்கு உண்மையில் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தது பின்விளக்கின் சிவப்பை மட்டும்தான். யார் கால் முதலில் என்று சிவப்பு சொல்லாது.

ஆகவே நீங்கள் வாருங்கள். இவ்வளவு தூரம் என் பக்கத்து இருக்கையில்தானே உட்கார்ந்து வந்தீர்கள்? உங்கள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. என் காலை நான் எடுத்தாயிற்று. அவர் பேனா காகிதத்துக்கு மேலே நிற்கிறது; என்ன எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள்.

நிதானமாக யோசியுங்கள். ஆனால் நடுரோட்டில் நிற்கிறீர்கள். பின்னால் ஒரு ஸ்கூட்டர்க்காரன் விடாமல் ஹாரன் அடிக்கிறானே, கேட்கிறதா?

அது நான்தான்.