நாலு மணி வரைக்கும்

இன்றைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதும் ஜெயமணி கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு, இன்னும் வலிக்கிறது என்றாள். எவ்வளவு வலி, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்று அவர் மலாயில் கேட்டார். ஏழு என்றாள். பொய். வலி இரண்டுகூட இருக்காது. டாக்டர் இளம் வயதுக்காரர். சந்தேகப்படத் தெரியாத முகம். குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக் காட்டினாள். உள்ளே சீழ் தங்கியிருந்தால் விட்டுவிடக்கூடாது, இன்னொரு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று நர்ஸ் ஷாந்தினியிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். அவர் நம்பிவிட்டதுதான் ஜெயமணிக்கு என்னவோ போலிருந்தது.

ஆறு நாளைக்கு முன்னால் இந்தச் சின்ன அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உண்மையான வலி பத்து. அன்றைக்கு அவள் சொன்ன எண் மூன்று. பெரிய எண்ணாகச் சொன்னால் பெரிதாக ஏதாவது செய்துவிடுவார்கள், காலையே எடுத்துவிடுவார்கள் என்று பயம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும்போது காலில் ஏறிய முள். அவள் ஊரான புலாவ் செபாங்கிலிருந்து விடியுமுன் கங்காணியின் லோரி கிளம்பும். ஒரு நாள் போகாவிட்டால் அடுத்த நாள் அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு ஐந்து நாள் போனாள். சர்க்கரை உடம்பு. ஐந்தாம் நாள் கால் முழங்கால் வரை சிவந்து, குடம் போல வீங்கி, காய்ச்சலில் நாக்குக் குழறியது. மகன் விமலன்தான் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்று என்று அவள் சொன்னதைக் கேட்ட ஷாந்தினி, காலையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்பது என்று எழுதிக்கொண்டாள். காலை எடுக்கவில்லை. மருந்துதான் சொட்டுச் சொட்டாக உள்ளே போனது.

அந்த ஆறு நாளும் ஜெயமணிக்குப் பிடிபடவே இல்லை. இரண்டாம் நாள் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு, மருந்துக் கம்பத்தையும் இழுத்தபடி குழாயடிக்குப் போனாள். வார்டு உதவியாளர் நோர் ஓடிவந்து தட்டைப் பிடுங்கிக்கொண்டார். அறுபதை நெருங்கும் மலாய்க்காரப் பெண்மணி; நடக்கும்போது அவருக்கே முழங்கால் வலிக்கும் போலிருந்தது. இங்கே அது என் வேலை, உன் வேலை படுப்பது என்றார். படுப்பது ஒரு வேலை என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. காய்ச்சல் விட்ட நாளில், வியர்வையில் சடைபிடித்த தலையை நோர்தான் அலசிவிட்டார். நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, கட்டுப் போட்ட காலுக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டி, வெந்நீரைக் கையில் ஊற்றிப் பதம் பார்த்துவிட்டுத் தலையில் ஊற்றினார். அவசரமே இல்லாத விரல்கள். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி ஜெயமணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் கணவன் வீரமுத்து படுத்து நாலு வருஷமாகிறது. பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், "மணி". பசித்தாலும் மணி, ஈரமானாலும் மணி, கொசு கடித்தாலும் மணி. எழுபது கிலோ உடம்பைப் புரட்டித் துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு அவள் லோரிக்கு ஓடுவாள். பத்து பெரண்டாம் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வரும் விமலன், அப்பாவின் அறைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அரைத் தூக்கம் தூங்குவான். மதியம் திரும்பி வந்து மறுபடியும் அவள். இந்த ஆறு நாளும் அவன் விடுப்புப் போட்டுவிட்டுத் தனியாகப் பார்த்துக்கொள்கிறான். அது அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் வீட்டுக்குப் போகலாம் என்ற சொல்லைக் கேட்டதும் வாயில் தானாக வந்த எண் ஏழு.

ஷாந்தினி ஊசியும் குப்பியுமாக வந்து உட்கார்ந்தாள். ஆறு நாள் குத்தியதில் இரண்டு கையும் நீலம் பாரித்திருந்தன. நரம்பு தெரியவில்லை. அவள் ஜெயமணியின் கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடாக்கினாள். தட்டிப் பார்த்தாள், மறுபடியும் சூடாக்கினாள். மன்னிச்சிக்குங்க ஆண்ட்டி, ஒரே குத்துல எடுத்துடுறேன் என்றாள். அப்போது மேசையில் போன் அடித்தது. இன்னொரு நர்ஸ் எடுத்து மலாயில் பேசினாள். கீழே அவசரப் பிரிவில் மூச்சுத்திணறலோடு ஒரு சீன அம்மா காலையிலிருந்து தள்ளுகட்டிலிலேயே கிடக்கிறார். இங்கே ஒரு கட்டில்கூடக் காலி இல்லை. ஜெயமணிக்கு அந்த மலாய் ஒரு சொல் விடாமல் புரிந்தது.

"மிஸ்ஸி, குத்தாதீங்க," என்றாள். "வலி இல்ல."

ஷாந்தினி நிமிர்ந்து பார்த்தாள்.

"பொய் சொல்லிட்டேன். வீட்டுக்குப் போனா படுக்க முடியாது. இன்னும் ஒரே ஒரு நாளு படுத்துக்கலாம்னு பார்த்தேன். அவ்ளோதான்."

ஏசுவாள் என்று ஜெயமணி காத்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரிகள் திரும்பிப் பார்ப்பார்கள், டாக்டர் வருவார், எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஷாந்தினி ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, வீட்டில் யார் யார் என்று கேட்டாள். ஜெயமணி சொன்னாள். எப்படிப் புரட்டுகிறீர்கள், எதில் படுக்க வைத்திருக்கிறீர்கள், முதுகில் புண் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதாகச் சொன்னபோது மட்டும் முகத்தைச் சுளித்தாள். பிறகு நோரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். நோர் செருப்பைக் கழற்றிவிட்டு ஜெயமணியின் கட்டிலிலேயே நீட்டிப் படுத்தார்; கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் விழுந்தவர் போலக் கிடந்தார். அடியில் ஒரு விரிப்பை மடித்துப் போட்டு, அதைப் பிடித்து இழுத்தால் ஆள் தானாகப் புரள்வதை ஷாந்தினி காட்டினாள். ஜெயமணியும் இழுத்துப் பார்த்தாள். அந்தப் பருத்த உடம்பு சுலபமாகப் புரண்டது. இப்படியே கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள் என்று நோர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"நாலு வருசமா யாரும் இதச் சொல்லலையே மிஸ்ஸி," என்றாள் ஜெயமணி.

வாரத்துக்கு ஒரு முறை வீட்டுக்கே வந்து பார்க்கும் கிளினிக் நர்ஸுகளுக்கு ஷாந்தினி கடிதம் எழுதினாள். அவர்கள் வர ஒரு மாதம்கூட ஆகலாம், வரும்வரை விடாமல் போன் போட்டுக் கேளுங்கள் என்று மறைக்காமல் சொன்னாள். டாக்டரிடமும் அவளே போய்ப் பேசினாள். என்ன சொன்னாளோ, அவர் தூரத்திலிருந்து ஜெயமணியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

கட்டிலைத் துடைத்து விரிப்பு மாற்றினார்கள். ஜன்னலோரம் சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது. அதில் அவளை உட்காரவைத்து, காலுக்கு ஒரு ஸ்டூலும் தலைக்கு ஒரு தலையணையும் வைத்தாள் ஷாந்தினி.

"மகன் நாலு மணிக்குத்தானே வர்றாரு? அது வரைக்கும் தூங்குங்க ஆண்ட்டி. யாரும் எழுப்ப மாட்டாங்க."

சீன அம்மாவை உருட்டிக்கொண்டு வந்து கட்டிலில் கிடத்துவதையும் மூக்கில் குழாய் மாட்டுவதையும் ஜெயமணி பார்த்தாள். அந்த அம்மாவின் முகத்தில் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டிருந்தது. அது முழுதாக வடிவதைப் பார்க்குமுன் தூங்கிப்போனாள்.

விமலன் வந்தபோது நாலரை. பக்கத்து வீட்டுக்காரரை அப்பாவோடு உட்கார வைத்துவிட்டு வந்திருந்தான். நாலைந்து நாள் மழிக்காத தாடி, சட்டையில் காய்ந்துபோன கஞ்சி. கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். மருந்து வாங்கும் இடத்தில் கூட்டம். பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

"உன்னையத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரும்மா. நான் போய் நின்னா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு," என்றான். சட்டையில் காய்ந்த கஞ்சியை நகத்தால் சுரண்டினான். "நீ எப்படிம்மா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

அவள் விரிப்பு வித்தையை விளக்கத் தொடங்கினாள். இரண்டு பேராக இழுத்தால் இன்னும் சுலபம், இன்றைக்கே செய்து பார்க்கலாம் என்றாள். திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தான். தலை மெல்லச் சரிந்து அவள் தோளில் வந்து நின்றது. சிறு வயதில் இருந்ததைவிடக் கனமான தலை.

மருந்து கொடுக்கும் முகப்பில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் விட்டு இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். ஜெயமணி தோளை அசைக்காமல், இடது கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பார்த்தாள். மருந்துப் பையை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பெயரைப் படித்தாள்.