தையல் பக்கத்துத் தலைவி

அந்தச் சட்டைக் கம்பெனியில் சங்கத் தலைவியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மைக்கக்கா என்றால்தான் தெரியும். தையல் மெஷின்கள் மொத்தமாக ஓடும் இரைச்சலிலும் கடைசி வரிசைவரை எட்டும் குரல் அவளுக்கு. குடிதண்ணீர்க் குழாய் வந்தது அந்தக் குரலால்தான். கழிப்பறைக்குக் கதவு வந்ததும் அப்படித்தான். சங்கத் தேர்தலில் அவளை எதிர்த்து நிற்க யாருக்கும் தோன்றியதே இல்லை.

தம்பிக்குக் கல்யாணமானதும், அவன் மனைவியை அதே கம்பெனியின் இஸ்திரிப் பிரிவில் சேர்த்துவிட்டது அவள்தான். “எங்க வீட்டுச் சின்னவ, பாத்துக்குங்க” என்று ஒவ்வொருத்தியிடமும் அழைத்துப் போய்ச் சொன்னாள். சின்னவள் என்பதே பெயராக ஒட்டிக்கொண்டது.

சின்னவள் அதிகம் பேசமாட்டாள். ஆனால் கேட்பாள். யாராவது வீட்டுக் கவலையைச் சொல்லத் தொடங்கினால் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு அவர்கள் முகத்தையே பார்ப்பாள். போகப் போக, மதிய இடைவேளையில் அவள் உட்காரும் பெஞ்சில் இடம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. எதிர்ப் பெஞ்சில் மைக்கக்கா காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம்.

ஒருநாள் பித்தான் தைக்கும் பெண் வந்து சொன்னாள்: “லீவு விஷயமா உங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னு சின்னவகிட்ட சொன்னேங்க்கா. அவளே சூப்பர்வைசர்கிட்டப் பேசி முடிச்சிட்டா.”

“நல்லதும்மா” என்றது வாய். வயிறு பற்றி எரிந்தது.

வீட்டில் தம்பி வேறு, சாப்பிட்டுக்கொண்டே, “உன் வேலைய இவளே பாத்துருவா போலருக்கே அக்கா” என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். மைக்கக்காவும் சிரித்தாள். மீதிச் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு எழுந்தாள்.

அந்தக் கோடையில் இஸ்திரிப் பிரிவில் நீராவி தாங்காமல் ஒருத்தி மயங்கி விழுந்தாள். சின்னவள் மேனேஜரிடம் போய்ப் பேசி, இரண்டு பெரிய ஃபேன்களை வாங்கிவந்துவிட்டாள். தையல் பக்கத்தில் செய்தி வந்தபோது மைக்கக்கா நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: “நல்லா இருக்கட்டும். நமக்கு வர வேண்டியது அங்க போயிருச்சு, அவ்வளவுதான்.”

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பழம் தின்று கொட்டை போட்ட தலைவி. பாதி வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தினால் மீதியைக் கூட்டமே சொல்லிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் அது ‘நம்ம ஃபேனப் பிடுங்கிட்டாங்க’ என்றாகிவிட்டது. மறுவாரம், இஸ்திரிக்காரிகள் சட்டையைக் கருக்கிவிட்டுப் பழியைத் தையலின் மேல் போடுகிறார்கள் என்றார்கள். யாரும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரே தெருவிலிருந்து சேர்ந்து நடந்து வருகிறவர்கள்கூட சாப்பாட்டு அறையில் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். சின்னவளின் பெஞ்சில் இஸ்திரிப் பெண்கள் மட்டும்தான் மிஞ்சினார்கள். அதைப் பார்க்கையில் மைக்கக்காவின் நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

சின்னவள் அவளைத் தேடி வந்தாள். “அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அடங்கிடும்.”

“நான் சொன்னா கேக்குற ஆளுங்களா இவங்க?” என்றாள் மைக்கக்கா.

தேர்தல் வந்தது. இஸ்திரிப் பிரிவு சின்னவளை நிறுத்தியது. தையல் பக்கம்தான் கூட்டம் அதிகம். மைக்கக்கா சுலபமாக ஜெயித்தாள். கைதட்டல் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தது.

ஜெயித்ததற்குப் போட்ட மாலை வாடுவதற்குள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். இஸ்திரி வேலையை வெளியே கொடுக்கப் போகிறார்களாம். அந்தப் பிரிவே இனி கிடையாது. மைக்கக்காவுக்கு உண்மையிலேயே ரத்தம் கொதித்தது. என்னதான் இருந்தாலும் அவள் சண்டைக்காரி. கூட்டம் போட்டு, “நாளைக்குக் காலையில மெஷின நிறுத்துறோம்” என்றாள்.

காலர் தைப்பவள் எழுந்தாள். மைக்கக்காவுக்கு வலது கை மாதிரி இருந்தவள் அவள். “அவங்களுக்காக நாங்க எதுக்கு நிறுத்தணும்?”

“இன்னிக்கு அவங்க. நாளைக்கு நாம.”

“நம்மளுது அங்க போயிருச்சுன்னு நீங்கதானக்கா சொன்னீங்க. இப்பத் தம்பி பொண்டாட்டிக்கு வேலை போகுதுன்னதும் பாசம் பொங்குதா?”

மைக்கக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவளுக்குச் சின்னவள் மேல் பாசமாம்.

மறுநாள் காலையில் அவள் தன் மெஷினை நிறுத்தி எழுந்து நின்று பேசினாள். குரல் வழக்கம்போலக் கடைசி வரிசை வரை போனது. ஒரு தலை நிமிரவில்லை. மெஷின்கள் ஓடிக்கொண்டே இருந்தன. நடுவில் அவள் மட்டும் மரம் மாதிரி நின்றாள்.

அப்போது சின்னவள் உள்ளே வந்தாள். மைக்கக்கா நின்ற நடு இடத்துக்கு வரவில்லை. முதல் வரிசையில் ஒருத்தியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காதோடு ஏதோ சொன்னாள். அந்தப் பெண் வெகுநேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெடலிலிருந்து காலை எடுத்தாள். சின்னவள் அடுத்த மெஷினுக்கு நகர்ந்தாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காலர் தைப்பவள் கடைசிவரை நிறுத்தவில்லை. ஆனாலும் பாதி மெஷின்கள் நின்றபோது சூப்பர்வைசர் மாடிப்படியில் ஓடினார். மத்தியானத்துக்குள், இஸ்திரிப் பிரிவை இப்போதைக்குத் தொடப்போவதில்லை என்று மேனேஜரே இறங்கிவந்து சொன்னார்.

சின்னவள் அவர்கள் காதில் என்ன சொன்னாளோ, மைக்கக்கா கேட்கவில்லை. கேட்டால், தன்னால் முடியாதது அவளால் எப்படி முடிந்தது என்று தெரிந்துவிடும் என்று பயம்.

வாசலில் கூடியவர்கள் முன் சின்னவளின் கையைப் பிடித்து உயர்த்தினாள். தலைவி என்றால் அதைச் செய்துதான் ஆகவேண்டும். இரண்டு பக்கமும் கைதட்டின. கை மேலே போகப் போகச் சத்தமும் ஏறியது. பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற மைக்கக்காவுக்கு அந்தக் கையை உதறிவிட வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்குச் சேர்ந்துதான் நடந்தார்கள். “நீங்க மொதல்ல தனியா எழுந்து நின்னீங்க பாருங்க, அதான்க்கா எல்லாத்துக்கும் காரணம்” என்றாள் சின்னவள்.

மைக்கக்கா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். குத்தலாகச் சொன்னாளா என்று தேடினாள். கொஞ்சமாவது இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். ஒன்றுமே இல்லை. மனசாரத்தான் சொல்லியிருந்தாள்.

“ம்” என்று சொல்லிவிட்டு மைக்கக்கா இரண்டடி முன்னால் நடந்தாள்.