சுவரில் இரண்டு இடைவெளி

1

இந்தக் கதையை அக்கா கேட்டு வாங்கினாள். போன மாதம் தொலைபேசியில் நலம் விசாரிப்பெல்லாம் முடிந்தபிறகு, "நீ கதை எழுதுறவதானே, உங்க அத்தானுக்கு ஒண்ணு எழுதேன்" என்றாள்.

"பிறந்தநாளாக்கா?"

"பிறந்தநாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுவரை இடிக்க வைக்கணும். நான் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். அவர் யார் பேச்சையும் கேக்க மாட்டார். அச்சுல வந்தா மட்டும் கடைசி வரி வரைக்கும் படிப்பார்."

இது உண்மை. அத்தான் பல் மருத்துவர். காத்திருப்போர் அறையில் கிடக்கும் பத்திரிகைகளை நோயாளிகளைவிடக் கவனமாகப் படிப்பவர் அவர்தான். ஆகவே வாசகர்கள் மன்னிக்க வேண்டும்: இந்தக் கதை ஒருவருக்காக எழுதப்படுகிறது. மற்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம், தடையில்லை.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"வானத்தை முட்டி நின்ற அந்த மாமலையின் காலடியில்" (முட்டவில்லை. அத்தான் சிரிப்பார்.)

"தண்ணீருக்கு நினைவு உண்டு" (கிடையாது. தண்ணீருக்குச் சரிவு உண்டு, அவ்வளவுதான்.)

"அந்த வீட்டில் காலடி வைத்த அன்றே அவள் மனத்தில் ஏதோ" (அன்று அக்கா சாமான் இறக்கியதில் உடைந்த தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.)

அலங்காரம் வராவிட்டால் பாடம் நடத்திவிடுவது என் வழக்கம். நிற்க. மலையடிவாரம் என்பது பின்வருமாறு.

மலையிலிருந்து இறங்கும் ஓடை, வேகம் இருக்கும்வரை எதையும் சுமக்கும். அடிவாரத்தில் சரிவு குறைந்ததும் அதற்கு மூச்சு வாங்குகிறது. முதலில் பாறைகளை இறக்கிவைக்கிறது. சற்றுத் தள்ளிக் கூழாங்கல், அப்புறம் மணல், கடைசியில் வண்டல். இறக்கியதெல்லாம் விரித்த விசிறிபோலப் பரவிக் கிடக்கிறது. அந்த விசிறியின்மேல்தான் வீடுகள். ஓடை தன் தடத்தில் தானே கல்லைக் கொட்டிக் கொட்டி அதை மேடாக்கிவிடும். மேடானதும் பக்கத்துப் பள்ளத்துக்கு மாறிக்கொள்ளும். ஆகவே அங்கே யாராவது "இது காய்ந்த நிலம்" என்றால், "இப்போதைக்கு" என்று நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

(எங்கே எப்போது ஓடியது என்பது மரங்களைப் பார்த்தால் தெரியும். கிழமும் குஞ்சுமாகப் பல வயது மரங்கள் கலந்து நின்றால், தண்ணீர் அந்தப் பக்கம் வந்து வெகுகாலம் ஆகிறது. எல்லாம் ஒரே உயரத்தில், பள்ளிக்கூட வரிசைபோல நின்றால், முன்பு நின்றவற்றை ஏதோ ஒன்று ஒரேயடியாகத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறது. அக்கா வீட்டைச் சுற்றி எல்லா மரமும் ஒரே உயரம். அத்தானுக்கு அந்த ஒழுங்கு மிகவும் பிடிக்கும். வீட்டை வாங்கியதே அதைப் பார்த்துத்தான்.)

3

இப்போது சுவர். மனையைச் சுற்றி இடுப்புயரக் கல்சுவர். அங்கேயே கிடந்த கல். முன்பிருந்தவர் அதில் மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் ஒன்று, நேருக்கு நேராக இரண்டு இடைவெளி விட்டிருந்தார். பெருமழையில் மலைத்தண்ணீர் வந்தால் மேலே நுழைந்து, வீட்டுக்குப் பக்கவாட்டில் ஓடி, கீழே வெளியேறிவிடும். அத்தான் இரண்டையும் அடைத்துவிட்டார். சிமெண்ட் வைத்து, விளிம்பைத் தேய்த்து, தடவிப் பார்த்தாலும் தெரியாத வேலை.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இடைவெளியைக் கண்டால் அடைக்கும் பல் மருத்துவர்! வேறு யாராவது எழுதியிருந்தால் நானே நம்ப மாட்டேன். எனவே அடுத்த வரைவில் அவரை வங்கி அதிகாரியாக்கி அக்காவுக்குப் படித்துக்காட்டினேன்.

"இது யாருடி?"

"அத்தான்தான்க்கா. அடையாளம் தெரியக்கூடாதுன்னு..."

"தெரியணும்டி! வங்கிக்காரன்னு போட்டா, 'அடப்பாவி, இப்படியும் ஒரு ஆளா'ன்னு சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்பிடுவார்."

மேற்படி அதிகாரி பல் மருத்துவராகவே திரும்பி வந்தார்.

4

ஒருதலையாக எழுதக்கூடாது என்று நேரிலும் போய்வந்தேன்.

"வாங்க எழுத்தாளரே. என்னை வில்லனாக்கப் போறீங்களாமே?"

"இல்லத்தான். உங்க பக்கத்தையும் கேட்டுக்கலாம்னு."

"என் பக்கம் இதோ, பாரு." கிழங்குப் பாத்தியைக் காட்டினார். "போன வருஷம் வரைக்கும் இதைப் பன்னிதான் உழுதுது. குடும்பத்தோட வரும். மேல் ஓட்டையில நுழைஞ்சு கீழ் ஓட்டையில போகும், நடுவுல நான் விருந்து வைக்கணும். அடைச்சேன். வரல."

அவர் சொன்னது சரிதான். காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மான் எல்லாம் ஓடைத்தடத்தைப் பிடித்துத்தான் இறங்குகின்றன. மேலே குளிர் கூடினால் சிறு பறவைகளும் அந்தப் புதர் வழியாகவே கீழே வருகின்றன. மலைக்கும் சமவெளிக்கும் நடுவே அதுதான் படிக்கட்டு. அத்தான் படிக்கட்டில் கிழங்கு நட்டிருக்கிறார். (இதை அங்கே சொல்லவில்லை. இப்போது படிக்கிறார்.)

"தண்ணி வந்தா?" என்றேன்.

"நாங்க குடிவந்ததுலேருந்து வந்ததில்ல."

சமையலறை ஜன்னலிலிருந்து அக்கா குரல்: "உங்க பல்லு கூடத்தான் இன்னும் விழல. அதனால விழவே விழாதா?"

"அதைத் தினம் ரெண்டு வேளை தேய்க்கிறேன்."

"சுவரையும் தேயுங்க!"

தண்ணீர் வந்தால் மேல்சுவரில் தேங்கும். சுவர் தாங்கும்வரை தாங்கும். பிறகு தண்ணீரோடு சுவரும் சேர்ந்து வரும். மேல்சுவரை அடுத்திருப்பது படுக்கையறை. அக்கா தன் படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டாள். அத்தான் மாறவில்லை. மாறினால் பயந்ததாக ஆகிவிடுமாம்.

5

எழுதிப் பார்த்த முடிவுகள்.

முதலாவது: ஓடை வருகிறது. சுவர் சரிகிறது. கட்டிலில் அவர் எழுந்து உட்காருவதற்குள் (இதற்குமேல் கை ஓடவில்லை. தவிரவும் அத்தான், "கதைதானே" என்பார்.)

இரண்டாவது: ஓடை வரவில்லை. அத்தான் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் காத்திருப்போர் அறையில் ஒட்டிவைப்பார்.

மூன்றாவது: அத்தான் யோசிக்கிறார், மனம் மாறுகிறார், கடப்பாரையை எடுத்து இரண்டு இடைவெளிகளையும் திறக்கிறார். நன்றாகவே வந்திருந்தது. தொலைபேசியில் படித்தேன். அக்கா கடைசிவரை கேட்டாள்.

"இதைப் போடாதடி."

"ஏன்க்கா? உனக்கு வேணும்கறது இதுதானே?"

"கதையில இடிச்சுட்டார்னா நிஜத்துல இடிக்க மாட்டார். வேலை முடிஞ்சுதுன்னு போய்ப் படுத்துக்குவார். அந்த அறையிலேயே."

நான் பேச்சை மாற்றி வானிலை பற்றிப் பேசினேன். அதுவும் நல்ல பேச்சாக அமையவில்லை.

6

ஆகவே மூன்று முடிவுகளையும் நீக்கிவிட்டேன். மழைக்கு முன்பே இதழ் வந்துவிடும் என்று ஆசிரியர் உறுதி சொல்லியிருக்கிறார்.

அத்தான், உங்கள் கிழங்கும் எனக்கு முக்கியம். பாத்தியைச் சுற்றிக் கம்பிவலை அடித்தால் போதும், பன்றி அதன் வழியில் போய்விடும். வலையை நானே வாங்கிவந்து உங்களோடு நின்று அடிக்கிறேன். அக்கா இதற்குமுன் என்னிடம் எதுவும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதில்லை. கடைசி வரி வரை படிப்பவர் நீங்கள் என்பதால் அந்த வரியைப் பாதியில் நிறுத்தி உங்களிடம் விடுகிறேன். அதை முடிக்கப் பேனா தேவைப்படாது.

மலைமேல் மேகம் இறங்கத் தொடங்கிய அந்தக் காலையில், பல் மருத்துவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, எழுந்து வெளியே போய்,