தைத்து வைத்த நிழல்

மரத்தை வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பிய பிறகும், அதன் நிழல் தையல்காரியின் கொல்லைப்புறத்தில் அப்படியே கிடந்தது. வெட்டியவர்கள் அந்த நிழலிலேயே உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, வியர்வை ஆறிய பிறகு கிளம்பிப் போனார்கள். தெருமுனையில் அவர்களில் ஒருவருக்கு ஏதோ உறைத்தது. ஆனாலும் வேலை முடிந்த இடத்துக்கு யார் திரும்பிப் போவார்கள்?

அது ஒரே வீடாக இருந்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதியில் தையல்காரியும் கணவனும், மறு பாதியில் அவள் நாத்தனார், நடுவில் கொல்லைக் கடைசிவரை ஒரு சுவர். தையல்காரியின் பக்கத்தில் நின்ற பெரிய மரத்தடியில் புல்கூட முளைக்காது. வைத்த செடியெல்லாம் வெளிறிச் செத்தது. சிமெண்ட் போட்டு மூடிவிட்டால் துணியாவது உலர்த்தலாம் என்று நாத்தனார் சொன்னாள். தையல்காரி பிடிவாதக்காரி. ஊருக்கு வெளியே காட்டை ஊடறுத்துச் சாலை போட்டவர்களுக்குச் சீருடை அளவெடுக்கப் போனபோது, பெரிய மரங்களின் காலடியில் தரையோடு தரையாகப் படர்ந்திருந்த வெள்ளைப் பூவைப் பார்த்தாள். காலங்காலமாக அங்கே இருந்த பூதான், கணுக்கால் உயரம்கூட இல்லாததால் யாரும் சட்டை செய்யவில்லை. மண்வாரி இயந்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, ஒரு பிடியை வேரோடு பெயர்த்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தாள்.

தரையில் ஒரு நூல் கிடந்தாலும் பொறுக்காதவள் அவள். விடிந்ததும் மரத்தடியைத் துடைத்து வைத்ததுபோலப் பெருக்குவாள், உரம் போடுவாள், தண்ணீரை வாரி இறைப்பாள். செடி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சீருடை வேலை கழுத்துவரை வந்துவிட்டதில் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியவில்லை. இலைமேல் இலை விழுந்து மக்கியது. வேலை ஓய்ந்து போய்ப் பார்த்தால், செடி அந்த மக்கலில் கைநீளம் ஓடியிருந்தது. அன்றே துடைப்பத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தாள். சில வருஷங்களில் மரத்தடி முழுக்கப் பச்சை விரிந்தது. பருவம் வந்தால் வெள்ளை வெளேரென்று பூத்தது. தண்டு தரையில் ஓடும், ஒரு கணுவில் வேரை இறக்கும், மறுபடி ஓடும், மறுபடி இறக்கும். குனிந்து பார்த்துவிட்டு வந்து, "இது தைக்குதுங்க, ஓட்டுத் தையல்," என்று கணவனிடம் சொன்னாள். கூலி கேட்காமல் தைத்தால் சரி என்றான் அவன்.

அப்புறம்தான் மரத்தின் வேர் நாத்தனாரின் சமையலறைத் தரையைத் தூக்கியது. நடுச்சுவர் கை நுழைகிற அளவுக்கு விரிந்தது. கூரை தலையில் விழுமோ என்று நாத்தனார் தூக்கம் கெட்டுக் கிடந்தாள். அதில் பொய்யில்லை. ஒரு மனுஷியின் கூரைக்கு எதிராகப் பூவைக் காட்டி எப்படி வாதாடுவது? வெட்டச் சொல்லிவிட்டாள் தையல்காரி. ஒரு நாள் வெயிலைக்கூடத் தாங்காத செடி. மரம் விழுந்த அன்று அவள் ஊசியில் நூல் கோக்காமலே தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டு அழுதாள்.

நிழல் போகவில்லை. தெருவெங்கும் வெயில் கொளுத்த, அங்கே மட்டும் இலைநிழல் காற்றில் அசைந்தது. பறவை இல்லாமல் பறவையின் நிழல் மட்டும் வந்து கிளைநிழலில் உட்காரும். தையல்காரி மண்டியிட்டு நிழலின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். செடியின் ஒவ்வொரு கணுவிலும் வேர் அதை மண்ணோடு இழுத்துப் பிடித்திருந்தது. நல்ல நெருக்கமான தையல், நான்கூட இப்படித் தைக்க மாட்டேன் என்று மனதாரச் சொன்னாள். தெருவே வந்து பார்த்தது. மின்சாரக் கணக்கெடுக்க வருபவர் தன் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொண்டார்.

நாத்தனார் மட்டும் வரவில்லை. மரம் போனதும் அவள் சமையலறையில் வெயில் நேராக இறங்கி, அடுப்பு எது சுவர் எது என்று தெரியாத சூடு. வாய்விட்டுச் சொல்ல வெட்கம். கோடை முற்றியதும் நடுச்சுவரின் விரிசலருகே வந்து நின்றாள். "ஏம்மா, அதுல ஒரு துண்டு எனக்குக் கிடைக்குமா?"

தையல்காரிக்குத் தையலின் குணம் தெரியும். ஓட்டுத் தையலை நடுவில் வெட்டினால் முழுதும் பிரிந்துவிடும். இத்தனை வருஷத்துப் பூவும் நிழலும் ஒரே இழுப்பில் போய்விடும். முடியாது என்றால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். விரிசல் வழியே தெரிந்த அந்தச் சிவந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பொறுங்க அண்ணி. முடிச்சுப் போட்டுட்டுத்தான் வெட்டணும்."

ஒரு தண்டை அந்த விரிசல் வழியாகவே மறுபக்கம் விட்டாள். நாத்தனார் அதைக் கொண்டையூசியால் மண்ணில் குத்தி, மக்கிய இலையால் மூடினாள். மழை வந்து போனது. கணு வேர் பிடித்துப் புது இலை விட்டதும், தையல்காரி யாருக்கும் இரவல் தராத கத்தரிக்கோலை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். இந்தப் பக்கம் ஒரு இழைகூடப் பிரியவில்லை. அந்தப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு நிழல் விழுந்தது. நாத்தனார் அதில் கையை வைத்தாள், வெகுநேரம் எடுக்கவில்லை.

இப்போது அந்த நிழல் வளர்ந்து சமையலறைக் கூரைவரை ஏறிவிட்டது. போன மாதம் நடுச்சுவரைப் பூச வந்த கொத்தனார் முதலில் விரிசலை அடைக்கக் கலவையை எடுத்தார். எந்த விரிசலைப் பார்த்துத் தூக்கம் கெட்டுக் கிடந்தாளோ, அதன் குறுக்கே போய் நின்றாள் நாத்தனார். "அதை மட்டும் விட்டுடுங்க," என்றாள். "அதுல போக்குவரத்து இருக்கு." கொத்தனார் மற்ற இடத்தைப் பூசி முடித்து, நிழலில் கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.