ஒரு பக்கக் கன்னம்

படத்தில் இருந்த மணப்பெண்ணை ஜெயரூபிக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வீடு தள்ளி இருக்கிற பிள்ளை. உருண்டை முகம், அகன்ற மூக்கு, உப்பிய கன்னங்கள். ஆனால் பேஸ்புக்கில் கிடந்த படத்தில் அந்தக் கன்னங்கள் ஒடுங்கி, மேலே எலும்பு எடுப்பாகத் தெரிந்தது. மூக்குத் தண்டு நேராக இறங்கி, நுனியில் சின்னதாக ஒரு வெளிச்சம் நின்றது. ஜெயரூபி இரண்டு விரலால் படத்தைப் பெருப்பித்து, பூசிய மண்ணிறம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேடினாள். பிடிபடவில்லை. படத்துக்குக் கீழே 'அலங்காரம்: றிஷானா' என்று இருந்தது. எழுநூறு பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

பதினான்கு வருஷமாகப் பாலையூற்றில் கலியாணம் என்றால் ஜெயரூபிதான். வீட்டு முன்னறையே அவளுடைய சலூன். அந்தப் பிள்ளையின் அக்காவுக்கும், மச்சாளுக்கும் அவள்தான் செய்தாள். முகத்தை ஒரே நிறமாக வெளுப்பாக்கி, கண்ணுக்குக் கறுப்பு, உதட்டுக்குச் சிவப்பு. யாரும் ஒரு குறை சொன்னதில்லை. இப்போது அந்த வீட்டார் அவளுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் ஓட்டோ பிடித்து, உட்துறைமுக வீதியில் இருக்கிற றிஷானாவின் கடைக்குப் போயிருக்கிறார்கள்.

றிஷானா வேறு யாரோ என்றால் இவ்வளவு வலித்திருக்காது. இரண்டு பேரும் ஒரே அழகுக்கலை வகுப்பில் ஆறு மாதம் பக்கத்துப் பக்கத்தில் இருந்து படித்தவர்கள். கிண்ணியாவில் இருந்து பஸ்ஸில் வருகிற றிஷானாவுக்கு அப்போது கண்ணுக்கு மை கீறினால் கோடு நெளியும். ஆசிரியை ஏசும்போது அவளுக்குக் கண் கலங்கும். சான்றிதழ் கொடுத்த அன்று ஜெயரூபிக்கு முதலிடம், றிஷானாவுக்குக் கடைசிக்கு முந்திய இடம். பிறகு அவள் கலியாணம் முடித்துக் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய சலூன் ஒன்றில் பத்து வருஷம் வேலை செய்துவிட்டு, போன வருஷம்தான் திரும்பி வந்து கடை போட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு வந்த சிவரூபன் மனைவியின் தோளுக்கு மேலால் ஃபோனை எட்டிப் பார்த்தான். அவனுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை.

"இது எங்கட அயல்வீட்டுப் பிள்ளையெல்லோ? ஆளே மாறிப் போனாள். ஆர் செய்தது?"

"ஆரோ."

"கெட்டிக்காரிதான். நீரும் இதை ஒருக்காப் பழகினால் என்ன?"

அவன் கையைக் கழுவப் போய்விட்டான்.  ஜெயரூபி அவனுக்குச் சோற்றைப் போட்டுக் கொடுத்தாள், தான் சாப்பிடவில்லை. அவன் வேலைக்குத் திரும்பிப் போனதும் முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு பூவைப் படமாக வைத்துப் பொய்ப் பெயரில் ஒரு கணக்குத் திறந்தாள். றிஷானாவின் பக்கத்துக்குப் போய் எழுதினாள்: 'இவவிட்ட மேக்கப் போட்டு என்ர தங்கச்சிக்கு முகமெல்லாம் பொக்களம் பொங்கி எரிஞ்சது. ரெண்டு கிழமை வெளியில வர ஏலாமல் கிடந்தவள். மலிவுச் சாமான் பாவிக்கிறா. கவனம்.'

அவளுக்குத் தங்கச்சியே இல்லை.

பின்னேரம் திறந்து பார்த்தபோது நாற்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள். முதலில் 'உண்மையா?' என்று கேட்டவர்கள். பிறகு, தங்களுக்கும் அப்படி நடந்தது என்று சொன்னவர்கள். அதற்கும் கீழே, 'அவையளிட்ட ஏன் போறியள்? எங்கட ஆக்கள் இல்லையோ?' என்று ஒருவர் தொடங்கியிருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தமிழரும் முஸ்லிம்களுமாக இரண்டு பக்கமும் அசிங்கமாக ஏசத் தொடங்கியிருந்தார்கள்.  அந்த ஏச்சை நான் எழுதவில்லைத்தானே என்று ஜெயரூபி தனக்குச் சொல்லிக்கொண்டாள். அழிக்க வேண்டும் என்று விரல் போனது. றிஷானாவின் கடைக்கு மணப்பெண்ணோடு ஏறுகிற தாய்மார் இதைப் படிப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும், விரல் திரும்பி வந்துவிட்டது.

நாலாம் நாள் தம்பலகாமத்தில் இருந்து பாக்கியரத்தினம் என்ற வயல்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் தர்மினிக்கு அடுத்த புதன்கிழமை கலியாணம்.

"டவுனில ஒராளிட்டச் சொல்லி வைச்சனாங்கள், தங்கச்சி. இப்ப பேஸ்புக்கில என்னென்னவோ வருகுதாம். மனிசி பயப்பிடுது. நீங்களே செய்து விடுங்கோ."

ஜெயரூபிக்கு வாயெல்லாம் சிரிப்பு. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். தகப்பன் வாசலுக்குப் போனதும் தர்மினி மெதுவாகத் தன் ஃபோனை நீட்டினாள்.

"அக்கா, போன மாசம் அவ எனக்கு ஒரு ட்ரயல் செய்தவ. இதுதான். இப்பிடியே வரோணும். எனக்கு இந்தத் தாடை ஆம்பிளையளின்ர மாதிரி எண்டு பள்ளிக்கூடத்திலயே பகிடி பண்ணுவினம். அண்டைக்குக் கண்ணாடியில பாத்து அழுதிட்டன்."

அவளுடைய தாடை அகலமாகத்தான் இருந்தது. படத்தில் இருந்த பெண்ணுக்கும் அதே கண், அதே உதடு. ஆனால் தாடை கழுத்தோடு மென்மையாக இறங்கிப் போயிருந்தது.

"இதென்ன பெரிய வேலையே," என்றாள் ஜெயரூபி.

அன்றைக்கே இருத்திப் பார்த்தாள். இருந்த ஃபவுண்டேஷனில் கருமையான நிறத்தை எடுத்துத் தாடையோரமும் கன்னத்திலும் இழுத்தாள். ஸ்பொன்ஞால் ஒற்ற ஒற்ற அது பரவி, அடுப்புக்கரி பட்ட மாதிரித் திட்டாக நின்றது. கன்னத்து மேட்டில் மினுக்கம் பூசினால் எண்ணெய் வடிகிற மாதிரி இருந்தது. தர்மினி கண்ணாடியைப் பார்த்தாள்.  "கலியாணத்தண்டைக்கு வடிவா வரும் என்னக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியைவிட அவள் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

மூன்று நாள் ஜெயரூபி யூடியூப்பைப் பார்த்துப் பார்த்துத் தன் முகத்திலேயே பூசிக் கழுவினாள். தோல் சிவந்து எரிந்தது. நிழல் வரவில்லை. சனிக்கிழமை காலை அவள் பஸ் ஏறி உட்துறைமுக வீதியில் இறங்கினாள்.

றிஷானாவின் கடை மேல்மாடியில். உள்ளே ஒருவரும் இல்லை. யன்னலோரக் கதிரையில் றிஷானா ஒரு கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தாள். ஜெயரூபியைக் கண்டதும் சட்டென்று எழும்பினாள்.

"யா அல்லாஹ், ஜெயா அக்கா! வாங்க, இரிங்க. நானே ஒங்களத் தேடி வரணும் எண்டு நெனச்சிட்டு இருந்தன்."

பிறகு கொப்பியைக் காட்டினாள். இந்த வருஷம் அவள் அலங்கரித்த பெண்களின் பெயர்கள்.

"யாரோ ஒரு புள்ளக்கி முகமெல்லாம் பொக்களமாம். பேஸ்புக்கில போட்டிரிக்கி. பாத்திருப்பீங்க. ஒவ்வொருத்தராக் கோல் எடுத்துக் கேக்குறன், உங்களுக்கா, உங்கட தங்கச்சிக்கா எண்டு. முப்பத்தொரு பேர் முடிஞ்சி. எல்லாரும் இல்ல எண்டுதான் சொல்றாங்க. என்ட சாமானால ஒரு புள்ளட முகம் கெட்டிருந்தா, நான் போய்ப் பாக்கணுமே அக்கா. ஒங்கட பக்கத்துப் புள்ளையா எண்டு ஒங்களிட்டயும் கேக்கத்தான் இருந்தன்."

ஜெயரூபி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். துறைமுகத் தண்ணீர் வெயிலில் கண்ணைக் குத்தியது.

"எனக்கு இந்த நிழல் பூசுற கொன்டூர் சரியா வருகுதில்லை," என்றாள். "அதுதான் கேப்பம் எண்டு வந்தனான்."

றிஷானா முகம் மலர்ந்தாள். வேறு யாரும் அந்தத் தொழிலைப் பழக்கச் சொல்லி இப்படி வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள் போலும். அவளை யன்னல் வெளிச்சத்தில் இருத்தி, தலைமயிரைப் பின்னுக்குக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

"நீங்க செவப்புக் கலந்த மண்ணிறம் எடுத்திருப்பீங்க. அது வெயிலில கறுத்த மாதிரிக் காட்டும். நிழல் எண்டா சாம்பல் சாயல் இரிக்கணும். காதடியில இருந்து வாய்ப் பக்கம் கொண்டு வாங்க, ஆனா கண் முடியிற எடத்துக்கு நேர நிப்பாட்டிருங்க. அதுக்கு அங்கால போனா முகம் நோயாளி மாதிரி. தேய்க்கக்கொள்ள மேல நோக்கித் தேய்க்கணும். கீழ இழுத்தா கன்னம் தொங்கும்."

பிரஷ் தோலில் பட்டதே தெரியவில்லை. கன்ன மேட்டிலும் மூக்கு நுனியிலும் விரலால் ஒற்றி ஒரு வெளிச்சம் வைத்தாள். "யன்னல் வெளிச்சம் தானா விழுற எடத்தில மட்டும்தான். வேற எங்கயும் வைக்கப்படாது." பிறகு கண்ணாடியைத் திருப்பினாள்.

வலது பக்கம் ஜெயரூபி இருபத்தைந்து வயதுக்காரியாக இருந்தாள். இடது பக்கம் நாற்பத்தொரு வயதில் களைத்துப் போய் இருந்தாள். நன்றி சொல்ல வேண்டிய நேரம். அவளுக்கோ நெஞ்சு காந்தியது. இவளுக்குக் கை மட்டுமில்லை, மனமும் நல்லதாக வாய்த்திருக்கிறதே என்று இப்போது அதற்கும் சேர்த்துப் பொறாமை வந்தது.

"யாருக்குச் செய்யப் போறீங்க?" என்று கேட்டாள் றிஷானா, இடது கன்னத்துக்குப் பிரஷைத் துடைத்துக்கொண்டே.

"தம்பலகாமத்தில ஒரு பிள்ளை. தர்மினி."

பிரஷ் நின்றது. 

"ஓம். வேற ஆளிட்டப் போறம் எண்டு அந்தப் புள்ளட அம்மா சொன்னவங்க. ஒங்களிட்டயா? நல்லம், தெரிஞ்ச கைதான்." அவள் மறுபடி குனிந்தாள். "அந்தப் புள்ளைக்கு எடது தாடை வலதவிடக் கொஞ்சம் பெருசு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு பூசினா கோணலாத் தெரியும். எடது பக்கம் ஒரு சுத்துக் கூட வைங்க. அழுவா, லேசில அழுவா. கண்ணுக்குத் தண்ணியில கரையாத மை போடுங்க."

"றிஷானா," என்றாள் ஜெயரூபி. "அதை எழுதினது நான்."

"எத?"

"பொக்களம் எண்டு. எனக்குத் தங்கச்சி இல்லை. ஒண்டும் நடக்கேல்லை. நான்தான் பொய்ப் பேரில எழுதினனான்."

றிஷானா அவள் முகத்தையே பார்த்தாள். பார்வை ஒரு பக்கத்தில் இருந்து மற்றப் பக்கத்துக்குப் போய் வந்தது. பிறகு பிரஷை மேசையில் வைத்தாள்.

"என்ட மகன பள்ளியில கேட்டிரிக்காங்க, உங்கட உம்மா விஷமா பூசுறா எண்டு," என்றாள். குரல் உயரவில்லை. "எழும்புங்க அக்கா."

"நான்..."

"எழும்பிப் போங்க."

ஜெயரூபி படியிறங்கினாள். ஒரு பக்கக் கன்னம் மட்டும் செதுக்கின மாதிரி இருக்க, மறுபக்கம் வெறுமையாக, பஸ் தரிப்பில் நின்றாள். ஒரு பொம்பிளை பார்த்துவிட்டு மற்றவளின் காதில் ஏதோ சொன்னாள். பஸ்ஸில் சேலைத் தலைப்பால் துடைக்கலாம் என்று நினைத்தாள். துடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தன் சொந்தப் பெயரில், சலூன் பெயரையும் போட்டு எழுதினாள். றிஷானாவைப் பற்றி வந்த செய்தி பொய், அதை எழுதியவள் நான், பொறாமையில் எழுதினேன். மூன்றே வரி. பிறகு பாக்கியரத்தினத்துக்குக் கோல் எடுத்து அதையே சொன்னாள். 

"தங்கச்சி, கலியாணத்துக்கு நாலு நாள்தான் கிடக்கு," என்றார் அவர். "நான் இப்ப எந்த முகத்தோட அந்தப் பிள்ளையிட்டத் திரும்பிப் போறது?"

"போங்கோ ஐயா. அவ செய்வா."

சிவரூபன் வேலையில் இருந்தே வாசித்துவிட்டு வந்தான். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டான்: "ஏன் இப்பிடிச் செய்தனீர்?"

"எரிஞ்சது," என்றாள்.  அவன் இரண்டு நாள் கதைக்கவில்லை.

புதன்கிழமை தர்மினிக்கு றிஷானாதான் செய்தாள். அந்த மாதமும் அடுத்த மாதமும் ஜெயரூபியின் முன்னறைக்கு ஒரு மணப்பெண்ணும் வரவில்லை. புருவம் சீவ வருகிற இரண்டொருவரும் கண்ணாடியில் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். றிஷானாவிடம் இருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

மூன்றாம் மாதம் கப்பல்துறையில் ஒரு கலியாண வீட்டில் உறவுக்காரப் பெண்களுக்குச் சேலை உடுத்திவிடக் கூப்பிட்டார்கள். போன இடத்தில், உள்ளறையில் மணப்பெண்ணின் முன்னால் றிஷானா நின்றாள். அவளை அங்கே எதிர்பார்க்கவில்லை. ஜெயரூபி வாசலிலேயே தயங்கினாள். றிஷானா ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

அந்த அறைக்கு யன்னல் சிறிது. கொண்டு வந்த விளக்கின் தாங்கி சரிந்து சரிந்து விழுந்தது. இரண்டு தரம் நிமிர்த்திப் பார்த்த றிஷானா, கடைசியில் திரும்பாமலே சொன்னாள்:

"இந்த லைட்டக் கொஞ்சம் புடிப்பீங்களா?"

அக்கா என்று சொல்லவில்லை. ஜெயரூபி கையில் இருந்த ஊசிகளைச் சேலைத் தலைப்பில் குத்திவிட்டுப் போய் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு முழத் தூரத்தில் மணப்பெண்ணின் முகம். சாம்பல் சாயல் காதடியில் தொடங்கி, கன்னத்தில் கரைந்து, கண் முடிகிற இடத்துக்கு நேராக நின்றது. எத்தனை லேசான கை. அவளுக்குள் பழைய எரிச்சல் அப்படியே எழும்பி வந்தது. அவள் விளக்கை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூக்குக்கு எந்தப் பிரஷ்?" என்று கேட்டாள், பதில் வராது என்று நினைத்துக்கொண்டே.

றிஷானா கன்னத்தைத் தேய்த்து முடித்தாள். பிறகு கையில் இருந்த பிரஷின் மெல்லிய நுனி தெரிகிற மாதிரி, அதை விளக்குப் பக்கமாக ஒருதரம் திருப்பிக் காட்டினாள்.

"கொஞ்சம் மேல," என்றாள். "நெத்திக்கு வெளிச்சம் காணாது."

ஜெயரூபி விளக்கை உயர்த்தினாள்.