சயோகோவின் குப்பி

கன்ஜியின் இரண்டாவது குத்தில் ஒனோதெராவின் மூக்குக்கண்ணாடி தெறித்துச் சவப்பெட்டிக்கு அடியில் போய் விழுந்தது. காகிதக் கதவைக் கிழித்துக்கொண்டு அவர் தாழ்வாரத்தில் சரிந்தார். உதடு பிளந்து வெள்ளைச் சட்டையில் ரத்தம் இறங்கியது. அப்போதும் கட்டுப்போட்ட கைகளால் ஒரு சின்னக் குப்பியை மார்போடு அணைத்திருந்தார்.

"எந்திரிடா! எங்கக்காவப் பாறையில இறக்கிவிட்டுக் கயித்தையும் விட்டுட்டு, இப்பப் பாசி கேட்டு வந்திருக்கியா?"

"கன்ஜி, போதும்பா," என்றாள் அம்மா. மகளின் பெட்டியை விட்டு அவள் நகரவில்லை.

அது கன்ஜியின் அக்கா சயோகோவின் கழுத்தில் தொங்கிய குப்பி. அலை அடித்துப்போனவளைக் கரைசேர்த்தபோதும் மூடி கழன்றிருக்கவில்லை. உள்ளே நகமளவு சிவப்புப் பாசி, உயிரோடு. ஒனோதெராவின் ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்கணக்கான கடற்பாசிகளை அவள் அப்படித்தான் காப்பாற்றி வந்தாள். கிள்ளிக் கிள்ளிப் புதுத் தண்ணீரில் இடுவாள். எது எதிலிருந்து பிரிந்தது, எதற்கு எது உறவு என்று தேடுவாள். 'சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டா, பாசிக்குச் சொந்தம் தேடுவா' என்று கன்ஜி கேலி செய்வான். கேலி செய்ய இனி ஆளில்லை.

"அதுவும் அவளோடயே எரியட்டும். பெட்டியில வைங்க!"

சடங்குக்கு வந்திருந்த ஆள் தயங்கினார். "கண்ணாடி வைக்கக் கூடாதுங்க. உருகி எலும்புல ஒட்டிக்கும். அப்புறம் சாம்பல்ல எலும்ப நீங்க பொறுக்கியெடுக்க முடியாது."

"அப்போ கொட்டிடறேன்."

கன்ஜி பாய்ந்தான். ஒனோதெரா விரல்களை இறுக்கிக்கொண்டார். கன்ஜி அந்தக் கையைக் குதிகாலால் மிதித்தான். இன்னொரு முறை மிதித்தான். கட்டு அவிழ்ந்து உருண்டது.

உள்ளங்கையில் தோலே இல்லை. ஓரத்திலிருந்து ஓரம்வரை, கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது.

கன்ஜியின் கால் தானாகப் பின்வாங்கியது.

"கயித்த விட்டுட்டீங்கன்னு சொன்னாங்களே..."

"பாறை விளிம்புல அறுந்துடுச்சு, தம்பி."

"அத வந்ததும் சொல்றதுக்கென்ன?"

ஒனோதெரா வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கினார். "யாரையாவது அடிக்கணும்ல உங்களுக்கு."

ஊதுவத்திச் சாம்பல் உதிர்ந்தது.

"அலை அடிச்சதுல அந்தப் பாறையில இப்ப ஒண்ணும் மிச்சமில்ல," என்றார் அவர். "இது ஒண்ணுதான். ரெண்டு பாசிக் குடும்பத்துக்கும் நடுவுல இது இருக்கும்னு சயோகோ நம்புனா. ஆனா அவ எடுத்தது. உங்களக் கேக்காம வச்சுக்க மனசு வரல."

அம்மா தன் கைத்துண்டை நனைத்துப் பிழிந்து மகனிடம் நீட்டினாள்.

"வாயத் தொடச்சுவிடு."

கன்ஜி மண்டியிட்டுத் துடைத்தான். துண்டு காயத்திலேயே பட்டது. ஒனோதெரா முகத்தைத் திருப்பவில்லை. பிறகு பெட்டிக்கு அடியில் தவழ்ந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து, சட்டையில் துடைத்து, அவர் காதுகளில் மாட்டினான்.

"உங்க கையில குப்பி நிக்காது. குடுங்க சார்."

எரியூட்டும் இடத்துக்கு வண்டி புறப்பட்டது. அக்காவின் படத்தை மடியிலும் குப்பியைக் கையிலும் வைத்திருந்தான் கன்ஜி; பக்கத்தில் ஒனோதெரா. ஜன்னல் வழியே காலை வெயில் அவன்மேல் விழுந்தது.

"வெயில் படலாமா?"

"கூடாது. சூடும் ஆகாது."

கன்ஜி கறுப்புக் கழுத்துப்பட்டையை அவிழ்த்துக் குப்பியைச் சுற்றினான். மலைப்பாதையில் வண்டி சாயும்போதெல்லாம், உள்ளே தண்ணீர் அலையாதபடி, அவன் கை எதிர்ப்பக்கம் சாய்ந்து கொடுத்தது.