நாலு உறை

அக்காள்மடத்துக்குத் தெற்கே தென்னந்தோப்பு ஓரத்தில் நடந்த அகழாய்வில் ஆன்சிக்கு மண் அள்ளுகிற வேலை. ஒரு மாதத்தில் எட்டு உறைகிணறுகள் வெளியே வந்துவிட்டன. உறை எனப்படும் சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அந்தக் காலத்து ஆட்கள் இறக்கியவை. எட்டும் அடுத்தடுத்து இருந்தன. எதிலும் நாலு உறைக்கு மேல் இல்லை.

பொறுப்பாளர் முத்தழகுவுக்கு அதுதான் உறுத்தல். முதுகுளத்தூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை அவர். ஐம்பது அடி இறங்கினால்தான் அங்கே அதற்குக் கிணறு என்று பேர்.

"பாதியில விட்டுட்டுப் போயிருக்காய்ங்க. நாளைக்கு மோட்டார் வருது. எட்டையும் இறைச்சுட்டு அடிவரைக்கும் தோண்டிருவோம்" என்றார்.

ஆன்சி மண்கூடையைக் கீழே வைத்தாள். முப்பதடி தள்ளி அவளுடைய ஊற்று. மணலில் இடுப்பளவுப் பள்ளம்தான். ஆறு வீடுகளுக்குக் குடிதண்ணீர் அதுதான்.

"மோட்டாரு போட்டா எங்க ஊத்து உப்பாயிரும் சார்."

"ரெண்டு மணி நேரந்தாம்மா. மறுபடி ஊறிரும்."

"ஊறும். எது ஊறும்னு கேளுங்க."

கூடை தூக்கிக்கொண்டிருந்த ஜெயபால் சிரித்தான். "விட்டா நாளைக்கு சாரு நாற்காலியில இதுதான் உக்காரும்."

மறுநாள் காலை மோட்டார் வந்தது. அதை வண்டியிலிருந்து இறக்குமுன் ஆன்சி மூன்றாம் கிணற்றில் இறங்கினாள். மூன்று நாளுக்கு முன் முத்தழகு சொல்லித்தான் அதன் கடைசி உறைக்குக் கீழே இரண்டடி தோண்டியிருந்தாள். உறை அகப்படவில்லை, தண்ணீர்தான் ஊறி நின்றது. அதை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு நீட்டினாள்.

"குடிங்க சார்."

வாயில் வைத்தவர் துப்பினார்.

கை வைக்காத ஐந்தாம் கிணற்றில் மேலாக, கலங்காமல் மொண்டு கொடுத்தாள். குடித்தார். இன்னொரு சிரட்டை கேட்டார்.

"நல்ல தண்ணி உப்புத்தண்ணி மேல மிதக்குது சார். ஆழமாப் போனா கெட்டுப்போகும். பத்தலைன்னா பக்கத்துல இன்னொண்ணு தோண்டுவோம்."

முத்தழகு எட்டுக் கிணற்று வாய்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அப்ப பாதியில விட்டுட்டுப் போகல."

"உப்பு வர்றதுக்கு முன்னால கூறோட நிறுத்தியிருக்காக."

"அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"நீங்க தோண்டச் சொன்னீங்க. செத்தவுக கிணறுதானே, உப்பானா யாருக்கென்னன்னு தோண்டிட்டேன்" என்றாள் ஆன்சி. "நேத்து மோட்டாருன்னு சொன்னப்பதான் ஊத்து ஞாபகம் வந்துச்சு."

வண்டி மோட்டாரோடு திரும்பிப் போனது. மூன்றாம் கிணற்றில் தோண்டிய மணலை அவளையே மறுபடி கொட்டி மூடச் சொன்னார் முத்தழகு.

மதியம் குடத்தோடு ஊற்றுக்குப் போனாள். மூன்றாம் கிணற்றில் தான் தோண்டியதில் இதுவும் உப்பாகியிருக்குமோ என்று முந்தின நாளிலிருந்து அதை நாக்கில் வைத்துப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. மாதாவை நினைத்துக்கொண்டு அரைச் சிரட்டை மொண்டாள்.

நல்ல தண்ணீர்தான்.

அவள் நிமிர்ந்தபோது தண்ணீருக்கு வரிசையில் நின்ற பெண்களின் குடங்களுக்குப் பின்னால் முத்தழகு காலி பாட்டிலோடு நின்றார். தன் முறை வந்ததும் குனிந்து அதை முக்கப் போனார்.

"பாட்டிலை உள்ள அமுக்காதீங்க சார்" என்று ஆன்சி சிரட்டையை எடுத்தாள். "நான் மேலா மொண்டு ஊத்துறேன்."